ஒரு இஸ்திரிப் பெட்டி பாக்கி

சந்திரமோகனுக்கு அம்மா மேல் கோபம் வந்து ஆறு மாதமாகிறது. வெளியே சொல்ல வெட்கமான கோபம். பெற்றவள் ஆசையாக ஒரு சாமான் கேட்கிறாள், வாங்கிக் கொடுக்காமல் விலையைப் பார்க்கிறானே, இவனும் ஒரு பிள்ளையா என்று ஊர் கேட்கும். ஊருக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விடும். கிரெடிட் கார்டு பாக்கி ஊருடைய போனுக்கா வருகிறது? மாதம் பிறந்தால் டாண் என்று இவன் போனில்தானே வந்து விழுகிறது.

அவனுக்குக் கப்பலில் வேலை. கேப்டன் வேலை என்று நினைத்துவிட வேண்டாம், கேன்டீன் வேலை. போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் ஏறினால், கார் நிக்கோபார், கச்சால், கமோர்ட்டா, கேம்பல் பே என்று போய்த் திரும்பும் வரைக்கும் டீ போட வேண்டும், பூரி சுட வேண்டும், கடல் கொஞ்சம் ஆடினால் வாந்தி வாளியையும் கழுவ வேண்டும். கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி மாதச் சம்பளம் தருவதில்லை, ட்ரிப் கணக்கு. ஃபீனிக்ஸ் பேயில் ஏறி ஃபீனிக்ஸ் பேயிலேயே இறங்கினால் மூவாயிரத்து அறுநூறு. நடுவில் எங்காவது இறங்கி நின்றுவிட்டால் அந்த ட்ரிப் கூலி முழுதும் கோவிந்தா.

அந்த நடுவில் இருக்கிற கச்சால்தான் அவன் பிறந்த ஊர். அப்பா பழனியாண்டியும் அம்மா ரெங்கம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, கச்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே ஓய்வு பெற்றவர்கள். சுனாமிக்குப் பிறகு மேட்டில் கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியிலிருந்து அந்த வீடு நாலு கிலோமீட்டர். மாதத்தில் இரண்டு தடவை, போகிற வழியில், மகனுடைய கப்பல் அந்த ஜெட்டியில் வந்து நிற்கும். ஆனாலும் அவன் அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்து நாலு வருடமாகிறது.

கப்பல் அங்கே நிற்பது முக்கால் மணி நேரம். அதில் இவனுக்குக் கிடைப்பது இருபது நிமிடம், அதுவும் சும்மா கிடைக்காது. ஏணிப்படி வாசலில் காவலுக்குத் தேவேந்திரன் நிற்பார். ராமநாதபுரத்துக்காரர், தீவுக்கு வந்து முப்பது வருடத்தில் பாதி நாக்கு இந்தி ஆகிவிட்டது. கேன்டீன் ஆள் யார் போய் நின்றாலும் அவரிடம் ஒரே கேள்விதான்: "சாமான் இருக்கா? இருந்தா உத்ரோ. இல்லன்னா அந்தர் ஜாவ்." கொடுக்க வேண்டிய சாமான் கையில் இருந்தால் இறங்கலாம், இல்லையென்றால் உள்ளே போ, வெறும் பேச்சுக்கு இறங்கக் கூடாது என்பது அவர் சட்டம். எவனோ ஒருவன் பேச்சு சுவாரசியத்தில் கப்பலைத் தவறவிட்டு, பழி இவர் தலையில் விழுந்த நாளிலிருந்து அந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது.

இருபது நிமிடத்தில் ஒரு குடும்பம் என்னத்தைப் பேசிவிட முடியும்? அப்பா பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனதைச் சொல்வார். மருமகள் சித்ரா நல்லா இருக்காளா, பாப்பா பள்ளிக்கூடம் போகிறாளா என்று அம்மா கேட்பாள். கேட்டுக்கொண்டே கயிற்றுக் குவியல் மேல் டிபன் கேரியரைப் பிரிப்பாள். அவன் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வான். வாயில் சோறு இருக்கும்போது பேச முடியாது, விழுங்கி முடித்தால் சைரன் ஊதிவிடும். இந்த நாலு வருடத்தில் அவர்கள் ஒரு சண்டை கூடப் போட்டதில்லை. சண்டைக்கு ஏது நேரம்? கோபித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு சமாதானமாக ஒரு பகலாவது வேண்டாமா?

ஒவ்வொரு தடவையும் ரெங்கம்மா இரண்டு விஷயம் கேட்பாள். ஒன்று, "ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயேன் ராசா." இவன் அடுத்த தடவை பார்க்கலாம் என்பான். இரண்டாவது, ஏதாவது ஒரு சாமான். முதலில் ரைஸ் குக்கர் கேட்டாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா வாயைத் திறந்து கேட்டுவிட்டாளே! பிறகு கரண்டு கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர், காற்றாடி, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின், டிவி. பிறகு பழைய மிக்ஸி மக்கர் பண்ணுகிறது என்று இன்னொரு மிக்ஸி, நடுநடுவே சில்லறைச் சாமான்கள். கேட்கிற விதமும் ஒரு தினுசு. "அவசரமில்ல ராசா. அடுத்த தடவ வரையில கொண்டாந்தா போதும்." தங்கச் சொன்னதைத்தான் செய்ய முடியவில்லை, கேட்ட சாமானையாவது கொடுப்போம் என்று இவனும் வாங்கிக்கொண்டு போனான். கடையில் கிடைப்பதைக் கொடுப்பது சுலபம் அல்லவா?

கையில் காசு இருந்து வாங்கினானா என்றால் அதுதான் இல்லை. ஒருநாள் போர்ட் பிளேர் ஜெட்டிக்கு வெளியே குடை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாங்குப் பெண் இவனைக் கூப்பிட்டு, ஆதாரை வாங்கிப் பார்த்து, பத்து நிமிடத்தில் கிரெடிட் கார்டுக்கு எழுதிவிட்டாள். கார்டு வந்தது. மாதா மாதம் போனில் இரண்டு தொகை வரும், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதைப் பார்த்தால் போனைக் கவிழ்த்து வைப்பான். சின்னதைப் பார்த்தால் தெம்பாக இருக்கும். இந்த மகராசன் தெம்பானதையே கட்டிக்கொண்டு வந்தான். பாங்கே இவ்வளவு கட்டினால் போதும் என்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிட்டான். அந்தச் சின்னத் தொகையைக் கட்டுவதற்கே லீவு போடாமல் ட்ரிப் அடித்தான். தீபாவளி கடலில், பொங்கல் கடலில், பாப்பாவின் பிறந்தநாளும் கடலில்.

குட்டு உடைந்தது போர்ட் பிளேர் டாலிகஞ்சில். அங்கே ஜெகநாதன் என்பவருடைய பாத்திரக்கடையில்தான் சித்ரா வேலை பார்க்கிறாள். சாமானெல்லாம் அந்தக் கடையில் வாங்கியதுதான். புருஷன் ட்ரிப் காசில் வாங்குகிறான் என்றே அவள் நினைத்திருந்தாள். போன மாதம் ரெங்கம்மா ஜெட்டியில் நின்று வாஷிங் மெஷின் கேட்டாள். இவன் கடைக்குப் போய்ப் பதின்மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கார்டைத் தேய்த்தான். கார்டு மெஷின் மாட்டேன் என்றது. இன்னொரு தடவை தேய்த்தான். அப்போதும் மாட்டேன் என்றது. ஜெகநாதன் நல்ல மனுஷர், நெட்வொர்க் சரியில்லை போலிருக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்ரா முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டுக்குப் போனதும் போனை வாங்கிக் கடைசி மாதத்திலிருந்து முதல் மாதம் வரை படித்தாள். பாக்கி ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அவள் கத்தவில்லை, அதுதான் இவனுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க கட்டுற ஐயாயிரத்து அறுநூறுல மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வட்டிக்கே போகுது. கடன்ல குறையறது ஆயிரத்து எழுநூறு. அது குறையறதுக்குள்ள அடுத்த சாமான் வாங்கிடுறீங்க. இப்பிடியே போனா பாப்பா கல்யாணத்துக்கும் இதைத்தான் கட்டிக்கிட்டு இருப்பீங்க."

எல்லாம் அம்மா கேட்டது என்று அவன் சொன்னான். சொல்லும்போதே ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிற வீட்டுக்கு வாஷிங் மெஷின் எதற்கு? இரண்டு கிழங்களுக்கு இரண்டு மிக்ஸி எதற்கு? மகன் கப்பலில் பொரிந்து சாகிறானே, அவனிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு தாய் யோசிக்க வேண்டாமா? சித்ரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம், அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள். போனில் வேண்டாம் என்றும் சொன்னாள். கச்சாலுக்கு லைன் கிடைத்தாலும் பாதியில் அறுந்துவிடும், கடன் விஷயம் பாதியில் அறுந்தால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன பாடுபடுவார்களோ. ஜெட்டியில் இருபது நிமிடத்தில் சொல்கிற விஷயமும் இல்லை இது.

ஆக, நாலு வருடமாக அம்மா கெஞ்சியும் தங்காத பிள்ளை, அவளைத் திட்டுவதற்காக ஒரு ராத்திரி தங்குவது என்று முடிவாயிற்று. கப்பல் கேம்பல் பே போய்விட்டு மறுநாள் சாயங்காலம் கச்சால் வழியாகத்தான் திரும்பும். திரும்பும்போது ஆள் ஏற்றக் கொஞ்ச நேரம்தான் நிற்கும், கேன்டீன் ஆள் யாரையும் இறங்க விடமாட்டார்கள். அப்போது ஏறிக்கொள்ளலாம். ஆவுடையப்பன் அண்ணாச்சி, இறங்கினால் கூலி கிடையாது என்பதை மறுபடி ஒரு தடவை ஞாபகப்படுத்திவிட்டு, வேறு ஒருவனைக் கேன்டீனில் போட்டுக்கொண்டார்.

கச்சாலில் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டும்போது மணி பன்னிரண்டு. ஏணிப்படி வாசலில் தேவேந்திரன் கேட்டார்.

"சாமான்?"

"இல்லண்ணே. நானே இறங்குறேன். நாளைக்குத்தான் ஏறுவேன்."

தேவேந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழியை விட்டார். ஜெட்டியில் வழக்கமான இடத்தில், கயிற்றுக் குவியலுக்குப் பக்கத்தில், அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். ரெங்கம்மா முதலில் அவன் கையைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவனுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. கை காலியாக இருந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒடம்புக்கு முடியலியா ராசா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை, நாளைச் சாயங்காலம் வரை இருக்கப் போகிறேன் என்று சொன்னான். அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பழனியாண்டிதான், "தங்குறானாம்டீ" என்று எடுத்துச் சொன்னார். ரெங்கம்மா உடனே திரும்பி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். டிபன் கேரியர் கயிற்றுக் குவியல் மேலேயே கிடந்தது. அப்பாதான் எடுத்து வந்தார்.

ஜீப்பில் போகும்போது அவன் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டான். முதலில் வட்டி, பிறகு ட்ரிப் கூலி, கடைசியாக வாஷிங் மெஷின். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம், பையன் வந்திருக்கான், ராத்திரி இருப்பான் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். டிரைவருக்கு அவனை நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முன் அறையில் அவன் வாங்கிக் கொடுத்த டிவி இருந்தது. அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள், குனிந்து அம்மியில் அரைத்தாள். அம்மியிலா? அவன் எழுந்து உள் அறைக்குப் போனான். அங்கே பெஞ்சு மேல் ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது. சேலையை இழுத்தான். அடியில் வரிசையாகப் பெட்டிகள். மிக்ஸி, அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மிக்ஸி. கெட்டில், கிரைண்டர், காற்றாடி, குக்கர், தண்ணீர் மெஷின், இன்னும் மூன்று சின்னப் பெட்டிகள், கடைசியில் இஸ்திரிப் பெட்டி. எண்ணிப் பார்த்தான், பதினொன்று. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஈரம் ஏறாமலிருக்க ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது.

அவனுக்கு வந்ததே ஆத்திரம். வயிற்றைக் கட்டி வாங்கிய சாமானப்பா அது. ஓட்டிப் பார்த்து வைத்த பேச்சின் வரிசையெல்லாம் எங்கே போயிற்றோ, எடுத்த எடுப்பில் வாஷிங் மெஷினில் ஆரம்பித்தான். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று கத்தினான். கார்டு, வட்டி, ஜெகநாதன் கடையில் பட்ட அவமானம், பொங்கலுக்குக் கூடப் பெண்டாட்டி பிள்ளையோடு இல்லாமல் போனது, எல்லாம் வந்தது. வேண்டாத சாமானை எதற்கு வாங்கச் சொன்னாய், என்னைப் பார்த்தால் பணம் காய்க்கிற மரமாகத் தெரிகிறதா என்று கேட்டான். அக்கம்பக்கத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பழனியாண்டி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ரெங்கம்மா மசாலாக் கையோடு வாசற்படியில் நின்றாள். அவளுக்குக் கடன் என்பதே காதில் ஏற நேரமாயிற்று. மகன் கப்பலில் உத்தியோகம், கை நிறையச் சம்பளம் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். யார் சொன்னது? அவனேதான் சொன்னான், ஜெட்டியில் நின்று, ஒவ்வொரு தடவையும், அம்மா கவலைப்படக் கூடாதே என்று.

"சாமான் எனக்கு என்னத்துக்குப்பா" என்றாள்.

"பின்ன ஏம்மா கேட்ட?"

"நீதானே சொன்ன. நாலு வருசத்துக்கு முன்னுக்கு, வேலைக்குச் சேந்த புதுசுல. மேலருந்து சத்தம் போட்டுச் சொன்ன. கையில சாமான் இல்லம்மா, சாமான் இருந்தாத்தான் எறங்க உடுவாங்கன்னு. அன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்திருந்தேன். அப்பிடியே திருப்பிக் கொண்டு போனேன். அதுக்குப் பொறவும் ரெண்டு வருசமா நீ பாதி நாளு மேல நின்னு கையத்தான் ஆட்டுன."

அவனுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அம்மா கையிலிருந்த மசாலாவைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"சின்னச் சாமானுன்னா குடுத்துட்டு ஓடிடுற. பெருசுன்னா எறக்கணும், ரெண்டு பேரு புடிக்கணும், வண்டியில ஏத்தணும். டிவி கொண்டாந்த அன்னிக்கு நீ முப்பத்தஞ்சு நிமிசம் நின்ன. அதான் வாஷிங் மெஷின் கேட்டேன்."

சந்திரமோகன் பெஞ்சின் ஓரத்தில், கிரைண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். நாலு வருடத்தில் இவன் அம்மாவைப் பார்க்க ஏங்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் நிமிடம் எண்ணியிருக்கிறாள். இவன் அதற்கு வட்டி கட்டியிருக்கிறான். அந்த வட்டியைக் கட்டத்தான் இந்த வீட்டுப் பக்கமே வர முடியாமல் அலைந்திருக்கிறான். அழுகை வந்தது, அழுதான். முப்பத்து நாலு வயது ஆள் அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் பழனியாண்டி கோழிக்குத் தீனி போடப் போனார். ரெங்கம்மா அழவில்லை. இப்படிக் கடன் வாங்கிவிட்டு ஒரு வார்த்தை சொன்னாயா என்று இப்போது அவள் முறை வந்து திட்ட ஆரம்பித்தாள். நன்றாகவே திட்டினாள். நாலு வருடத்துப் பாக்கி அல்லவா? பெண்டாட்டியிடம் கூட மறைத்திருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு ஆளா என்றாள். அவன் பதிலுக்குப் பேசினான். அவள் அதற்குப் பதில் பேசினாள். மூன்று மணிக்கு இருவருக்கும் பசி வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அன்றைய ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரெங்கம்மா அந்த ராத்திரிக்காக நாலு வருடம் காத்திருந்தவள். இந்தப் புண்ணியவான் ஏழரை மணிக்கே பாயில் சாய்ந்து, கட்டை மாதிரி தூங்கிவிட்டான். கப்பல் ஆடாத தூக்கம். அவள் எழுப்பவில்லை.

விடிந்ததும் கணக்குக்கு உட்கார்ந்தார்கள். தன் போஸ்ட் ஆபீஸ் பணத்தை எடுத்துத் தருவதாகப் பழனியாண்டி சொன்னார். அவன் வேண்டாமென்றான். பெட்டி பிரிக்காத சாமான் என்பதால் ஜெகநாதன் ஏதோ ஒரு விலைக்கு எடுத்துக்கொள்வார், அந்தக் காசைக் கடனில் கட்டலாம் என்று யோசனை வந்தது. அது ரெங்கம்மாவுக்கும் பிடித்திருந்தது. ஒரு ட்ரிப்புக்கு ஒரு பெட்டியாக எடுத்துப் போனால் உனக்கும் பாரம் இருக்காது என்றாள். அவன் புரிந்துகொண்டான். பதினொரு பெட்டிக்குப் பதினொரு தடவை இறங்கலாம், ஐந்தரை மாதம். ஆனால் இந்தத் தடவை தெம்பான கணக்கைப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"அஞ்சு மாசத்துல வட்டியே இருபதாயிரம் ஏறிடும்மா. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொண்டு போகணும்."

அம்மா பெட்டிகளை ஒரு தடவை விரல்விட்டு எண்ணினாள். பிறகு சரி என்றாள். சேலையை மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்து வாசலுக்கு அவளே தூக்கி வந்தாள்.

சாயங்காலம் கப்பல் வந்தது. ஜீப்காரனும் அப்பாவுமாகப் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தார்கள். தேவேந்திரன் வாயைப் பிளந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் கச்சாலிலிருந்து சாமான் திரும்பிப் போய் அவர் பார்த்ததில்லை. மேல் தட்டில் அடுக்கி முடித்து எண்ணினால் பத்துதான் இருந்தது. மறுபடி எண்ணினான். பத்து. இஸ்திரிப் பெட்டியைக் காணோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குரல் கொடுத்தான்.

"அம்மா, இஸ்திரிப் பெட்டி எங்க?"

"வீட்டுலயே மறந்துட்டேன் ராசா" என்று ரெங்கம்மா கீழேயிருந்து சொன்னாள். "அடுத்த தடவ எறங்கி வந்து வாங்கிக்க."

கயிறு அவிழ்த்தார்கள். ஜெட்டி விலகியது. அவன் கை ஆட்டினான், அவளும் ஆட்டினாள். நாலு வருடமாக ஒவ்வொரு தடவையும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு மட்டும் அவனால் கேன்டீனுக்குள் போக முடியவில்லை. அன்றைக்குக் கூலியும் இல்லை என்பதால் யாரும் கூப்பிடவும் இல்லை.

ஜெகநாதன் பத்துப் பெட்டிக்கும் சேர்த்து இருபத்தேழாயிரம் கொடுத்தார். அது அப்படியே கடனுக்குப் போயிற்று. மீதிப் பாக்கியைக் குறைந்த வட்டியில் பதினெட்டு மாதத் தவணையாக மாற்ற முடியும் என்று சித்ரா பாங்குக்குப் போன் போட்டுக் கண்டுபிடித்தாள். இத்தனை நாள் இவன் கேட்காமலிருந்தது ஏன் என்று அவள் கேட்கவில்லை. கார்டைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டாள். பதினெட்டு மாதம் ஒரு ட்ரிப் தவறக் கூடாது. தவணை முடிந்த அன்றைக்கு மூன்று பேருமாகக் கச்சாலுக்குப் போய் பத்து நாள் இருப்பது என்று காலண்டரின் பின்னட்டையில் வட்டம் போட்டு வைத்தார்கள். அந்த வட்டம் அடுத்த வருடக் கடைசியில் இருந்தது.

அது வரைக்கும்? அது வரைக்கும் ஜெட்டிதான். இருபது நிமிடம்தான்.

அடுத்த ட்ரிப்பில் தேவேந்திரன் சாமான் இருக்கா என்று கேட்டபோது, வாங்க வேண்டிய சாமான் இருக்கிறது என்றான் சந்திரமோகன். சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று தேவேந்திரன் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்க விட்டார். கீழே ரெங்கம்மா டிபன் கேரியரோடு மட்டும் நின்றிருந்தாள். கிளம்பும் அவசரத்தில் பெட்டியை மறந்துவிட்டாளாம். பரவாயில்லை, அடுத்த தடவை என்றான். அடுத்த தடவை மழை, பெட்டி நனைந்துவிடுமே என்று எடுக்கவில்லையாம். அதற்கடுத்த தடவை ஜீப்பில் இடமில்லையாம். டிபன் கேரியருக்கு மட்டும் எப்படி இடம் இருந்தது என்று அவன் கேட்கவில்லை. "க்யா பாய், அந்த இஸ்திரி இன்னும் வரலியா?" என்று தேவேந்திரனே கேட்கிற அளவுக்கு ஆயிற்று.

அப்பா பழனியாண்டி ஒழுங்கு தப்பாத மனுஷர். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சாமான் மூலையில் கிடக்கிறது, அங்கே பையன் வட்டி கட்டுகிறான், இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு மறதியா என்று அவருக்கு எரிச்சல். ஆறாவது தடவை கப்பல் வந்தபோது அவரே பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெட்டிக்கு வந்துவிட்டார். சந்திரமோகன் இறங்கி வந்ததும் முதல் வேலையாக அதை நீட்டினார்.

"இந்தா. ஒங்கம்மாவை நம்புனா நடக்காது. எடுத்துக்கிட்டுப் போ."

டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்த ரெங்கம்மாவின் கை நின்றுவிட்டது. சந்திரமோகன் பெட்டியை வாங்கினான். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, மூடியில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தான்.

"இது இல்லப்பா" என்றான். "இது வேற."

"வேறயா? வீட்டுல இருந்ததே இது ஒண்ணுதானடா."

"இல்லப்பா, இது நம்ம பெட்டி இல்ல. ஜெகநாதன் இதை எடுத்துக்க மாட்டார். வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க. அடுத்த தடவ வாங்கிக்கிறேன்."

பழனியாண்டி பெட்டியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். ரெங்கம்மா எட்டி அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நல்லாத் தேடிப் பார்க்கிறேன் ராசா, அடுத்த தடவை கட்டாயம் கொண்டு வருகிறேன் என்றாள். பிறகு சோறு ஆறுகிறது, சாப்பிடு என்றாள். சைரன் ஊதப் பதினாறு நிமிடம் இருந்தது.